வில்லங்கத்தண்ணனும் ஒரு ஸ்பேனர் செட்டும்

கோயம்புத்தூர் ஜில்லாவில் பாம்புக்குப் பயந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பெண்டாட்டிக்குப் பயந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஜி.எஸ்.டி. நோட்டீசுக்குப் பயந்தவர்களைத் தினமும் பார்க்கிறேன். ஆனால் கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் சுருட்டி வைத்த ஒரு பெல்ட்டைப் பார்த்து நடுங்கிப் பின்வாங்கிய மனிதர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அவர்தான் எங்கள் ஆபீசின் வில்லங்கத்தண்ணன்.

பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்குச் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கணபதி பக்கம் மோட்டார் பம்பு செய்கிற ஒரு நடுத்தரக் கம்பெனி எங்களுடையது. அதில் நான் பில்லிங், அவர் பர்ச்சேஸ். வெளியிலிருந்து வரும் போல்ட்டு, நட்டு, பேரிங், செம்புக் கம்பி எல்லாவற்றையும் சந்தேகக் கண்ணோடு பார்த்து, தேறாததைத் திருப்பி அனுப்புவதுதான் அவருக்கு வேலை. சந்தேகப்படுவதற்கென்றே ஒரு மனுசனுக்கு மாசாமாசம் சம்பளம் கொடுத்தால் அவர் என்னதான் ஆவார்? சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போதும் சந்தேகத்தைக் கழற்றி மேஜை மேல் வைக்க மறந்துவிடுவார்.

நிலம் வாங்குகிறவர்கள் வில்லங்கம் பார்ப்பார்கள். சொத்தின் மேல் கடன் இருக்கிறதா, பங்காளித் தகராறு இருக்கிறதா என்று ரிஜிஸ்டர் ஆபீசில் மனுப் போட்டுத் தேடுவார்கள். அண்ணன் வில்லங்கம் பார்ப்பது பரிசுப் பொருளுக்கு. அதிலும் ஆண்களுக்குக் கொடுக்கிற பரிசுக்கு. பெண்களுக்கு வாங்குவதில் அவருக்குக் கவலையே கிடையாது.

"அவிங்களுக்குப் புடிக்கலீன்னா மூஞ்சிலயே தெரிஞ்சு போயிருமுங்க. கடைல குடுத்து மாத்திக்கலாம். இந்த ஆம்பளைங்க அப்புடியில்லீங்க அம்மணி. நல்லாருக்குதுங்கன்னு சொல்லிப்போட்டு உள்ளுக்குள்ளயே வெச்சுக்குவாங்க. எப்ப வெடிக்கும்னு தெரியாதுங்க" என்பார்.

நான் இதையெல்லாம் கேட்டுச் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், எனக்கே ஒரு பரிசு வாங்க வேண்டி வரும் வரைக்கும். வாங்க வேண்டியது ஒரு பதினைந்து வயதுப் பையனுக்கு. அவன் என் வீட்டுக்காரருடைய மகன். அவன் என்னோடு ஒட்டுவானா, வெட்டிக்கொண்டு போய்விடுவானா என்பதே அந்தப் பரிசில்தான் இருக்கிறது என்று நான் நம்பி நடுங்கிய காலம் அது. அந்தக் கதைக்கு வருவதற்கு முன்னால், அண்ணனுக்குப் பட்டப்பெயர் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பழைய மேனேஜர் ரிட்டயர் ஆனார். எல்லோரும் சேர்ந்து ஒரு சுவர்க் கடிகாரம் வாங்கி, ஜிகினாத் தாள் சுற்றித் தயாராக வைத்திருந்தோம். அண்ணன் வந்து பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. வேலையை முடித்துப் போகிறவருக்குக் கடிகாரம் கொடுத்தால், உங்கள் நேரம் முடிந்தது என்று சொல்வது போல ஆகாதா என்று கேட்டார். யாரும் காதில் வாங்கவில்லை. விழா நடந்தது. பிரியாணி நடந்தது. கடிகாரம் மேனேஜர் கைக்குப் போனது. அன்று சாயங்காலமே நெஞ்சுவலி என்று அவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பார்த்த டாக்டர், இது மறுபடி மறுபடி வாங்கிச் சாப்பிட்ட பிரியாணியின் வாயு என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார். ஆனாலும் மேனேஜர் வீட்டம்மா மறுநாளே கடிகாரத்தை ஆட்டோவில் கொடுத்தனுப்பிவிட்டார். அது இன்றைக்கும் எங்கள் கேன்டீனில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்கு நேர் கீழே இருக்கிற பெஞ்சில் மட்டும் யாரும் உட்காருவதில்லை.

அன்றைக்கு விழுந்த பெயர்தான் வில்லங்கத்தண்ணன். அதற்குப் பிறகு அண்ணன் கை காட்டாமல் எங்கள் ஆபீசில் ஓர் ஆண்பிள்ளைக்கு ஒரு குண்டூசிகூட வாங்க முடியாது என்று ஆகிவிட்டது. கம்பெனியில் முக்கால்வாசி ஆண்கள். யாருக்காவது கல்யாணம், யாருக்காவது புது வீடு, யாராவது வேலையை விட்டுத் திருப்பூருக்குப் போகிறார். வசூலாகிற காசோ ஒரு நல்ல சட்டைக்கும் காணாது. இருக்கிற காசுக்கு நாங்கள் எதையாவது யோசித்துக்கொண்டு போனால், அண்ணன் அதைக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்ப்பார்.

பெல்ட் என்றால் தொப்பையைக் குத்திக் காட்டுவதாகும். காலிப் பர்ஸ் கொடுத்தால் இப்படியே காலியாக இரு என்று அர்த்தம். உள்ளே ஒரு நோட்டை வைத்துக் கொடுத்தால் உனக்கு வக்கில்லை என்று அர்த்தம். செண்டு பாட்டில் கொடுப்பது, உன் பக்கத்தில் நிற்க முடியவில்லை என்று எழுதிக் கொடுப்பதற்குச் சமம். சீப்பைப் பற்றிப் பேசவே விடமாட்டார். அக்கவுண்ட்ஸில் பாதிப் பேருக்கு வழுக்கை. சட்டைக்கு அளவு கேட்க வேண்டும். கேட்டால் விஷயம் தெரிந்துவிடும். கேட்காமல் சின்னதாக வாங்கினால் நோஞ்சான் என்றதாகும், பெரிதாக வாங்கினால் குண்டன் என்றதாகும். ஒரு நாள் நான் பொறுக்க மாட்டாமல், துண்டில் என்ன வில்லங்கம் இருந்துவிடப் போகிறது என்று கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"வெள்ளத் துண்டுன்னா கோடி போடறாப்பல ஆயிருமுங்க. கலர்த் துண்டுன்னா கட்சிங்க."

இறந்தவர் மேல் போர்த்துகிற துணியையும் அரசியலையும் இப்படி ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டு, டீ குடிக்கப் போய்விட்டார். கடைசியில் எங்கள் ஆபீஸ் ஆண்கள் எல்லோருக்கும் ஒரே பரிசு என்று முடிவானது. எவர்சில்வர் தூக்குப்போசி. அது சாப்பிடு என்று மட்டும்தான் சொல்லும், அதைத் தப்பாக எடுத்துக்கொள்கிறவன் இன்னும் பிறக்கவில்லை என்பது அண்ணன் தீர்ப்பு. இதனால் மத்தியானச் சாப்பாட்டு மேஜையில் ஒரே மாதிரிப் போசிகளாக வரிசை கட்டி நின்றன. ஒருத்தர் வீட்டுக் கறிக்குழம்பு சுத்த சைவக்காரர் ஒருவரின் வாய்க்குப் போய், அவர் ருசித்துச் சாப்பிட்டுவிட்டு என்ன காளான் என்று கேட்டது தனிக் கதை.

இனி என் கதை. கல்யாணமே வேண்டாம் என்று வெகுநாள் இருந்துவிட்டு, நாற்பதை நெருங்கும்போது எனக்கு மனசு மாறியது. மாப்பிள்ளை சோமனூரில் நாலு விசைத்தறி போட்டு ஓட்டுகிறவர். முதல் மனைவி காலமாகிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. தங்கமான மனுசர். தறிச் சத்தத்திலேயே வளர்ந்தவர் என்பதால் குரல் மட்டும் கொஞ்சம் கூட. அவர் என்னிடம் ரகசியம் சொன்னால் பக்கத்துச் சந்தில் பதில் வரும்.

கல்யாணமான பிறகு வந்த முதல் தீபாவளிக்கு அவருக்கு என்ன வாங்குவது என்று வில்லங்கத்தண்ணனிடம்தான் போனேன். கையில் அதிகம் பணமில்லை, புது மனுசர் வேறு, குணம் இன்னும் பிடிபடவில்லை என்றேன். அண்ணன் நன்றாக யோசித்து, டார்ச் லைட் வாங்கிக் கொடுக்கச் சொன்னார். டார்ச் லைட் இருட்டைத்தான் குத்திக் காட்டும், ஆளைக் குத்திக் காட்டாது என்றார். வாங்கிக் கொடுத்தேன். கரண்டு போனால் தறிக் கொட்டகைக்குள் தடவிக்கொண்டிருந்த மனுசருக்கு அதில் ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. பகலிலும் இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்தார். அன்றிலிருந்து எனக்கு அண்ணன் சொன்னதுதான் வேதம்.

ஆனால் கவின் விஷயம் டார்ச் லைட்டில் அடங்குகிற விஷயமில்லை. கவின் என்பதுதான் பையன் பெயர். பத்தாவது படித்துக்கொண்டிருந்தான். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள மாட்டான், கதவைச் சாத்த மாட்டான், எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டான். மரியாதையாக இருந்தான். அந்த மரியாதைதான் என்னைக் கொன்றது.

தெருநாயைக்கூட 'போங்க' என்று விரட்டுகிறவர்கள் என்று வெளியூர்க்காரர்கள் எங்களைக் கேலி செய்வார்கள். வாய்க்கு வாய் ஒரு 'ங்க' போடாமல் எங்களுக்குப் பேச வராது. ஆனால் பெற்ற அம்மாவிடம் மட்டும் பிள்ளைகள் அதை விட்டுவிடுவார்கள். 'சோறு போடு', 'சட்டை எங்க வெச்ச' என்பதுதான் அங்கே பேச்சு. கவின் என்னிடம் ஒரு 'ங்க'வைக்கூட விட்டதில்லை. 'கெளம்பறனுங்க', 'சாப்ட்டனுங்க', 'போதுமுங்க'. கூப்பிட வேண்டியிருந்தால் 'ஏனுங்க' என்பான், பஸ்ஸில் முன்சீட்டுக்காரரைக் கூப்பிடுகிற மாதிரி. சித்தி என்று சொல்லச் சொல்லி உறவுக்காரர்கள் சொல்லிப் பார்த்தார்கள். சரிங்க என்றான். ஆனால் சொல்லவில்லை.

கேட்டால் சிரிப்பீர்கள், மீசை சரியாக அரும்பாத ஒரு பையனுக்கு நான் பயந்தேன். சாயங்காலம் வாசலில் அவன் சைக்கிள் ஸ்டாண்டு போடுகிற சத்தம் கேட்டால் நான் எழுந்து நின்றுவிடுவேன். குழம்பில் உப்புக் கூடிவிட்டால் அவன் தலையைக் குனிந்துகொண்டு அதையும் சாப்பிட்டுவிடுவான். அதைப் பார்த்து எனக்குச் சோறு இறங்காது. அவிநாசியில் அவனுடைய தாய்மாமன் வீடு இருந்தது. பத்தாவது முடிந்ததும் அங்கே போய்ப் படிக்கிறேன் என்று சொல்லிவிடுவானோ என்பதுதான் என் பயம். அப்படிப் போய்விட்டால், வந்தவள் வந்தாள், பையனைத் துரத்திவிட்டாள் என்று ஊர் சொல்லும். ஊர் கிடக்கட்டும். எனக்கே அப்படித்தான் தோன்றும்.

இந்த நிலைமையில்தான் அவன் பிறந்த நாள் வந்தது. என்ன வாங்கலாம் என்று வீட்டுக்காரரைக் கேட்டேன். எதையாவது வாங்கிக் கொடு, அவன் ஒன்றும் சொல்ல மாட்டான் என்று தெருவுக்கே அறிவித்தார். அவன் ஒன்றும் சொல்ல மாட்டான் என்பதுதானே என் பயமே. மறுநாள் ஆபீசுக்குப் போனதும் நேராக வில்லங்கத்தண்ணன் மேஜைக்குப் போய் நின்றேன். விஷயத்தைச் சொல்லச் சொல்ல அவர் கையிலிருந்த பேரிங் கீழே உருண்டது.

"பதினஞ்சு வயசுங்களா அம்மணி? அது ஆம்பளையுமில்லாம கொழந்தையுமில்லாம இருக்கற பருவமுங்க. நமக்கு ரெட்டை வில்லங்கமுங்க" என்றார். சொன்னவருக்கு என்னைவிட அதிகமாக வேர்த்திருந்தது.

சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்ததும் இருவரும் காந்திபுரம் போனோம். கிராஸ்கட் ரோட்டில் ஒரு பரிசுப் பொருள் கடையில் நுழைந்தோம். கவுண்டரில் இருந்த சேல்ஸ்மேன் சிரித்த முகமாக வரவேற்றார். வெளியே வரும்போது அந்தச் சிரிப்பு அவரிடம் இல்லை.

முதலில் ஒரு தொப்பியை எடுத்துக் காட்டினார். அண்ணன் கையை நீட்டித் தடுத்து, வந்தவள் அப்பனுக்கும் மகனுக்கும் குல்லாப் போடுகிறாள் என்று பேச்சு வரும் என்றார். கைக்கடிகாரம் காட்டினார். காலையில் நேரத்தோடு எழுந்திருப்பதில்லை என்று சொல்லிக் காட்டுவதாக ஆகும் என்றார். ஃபுட்பால் என்றால் உதைக்கிற சமாசாரம், எடுக்கும்போதே சகுனம் சரியில்லை. மீசை அரும்புகிற பையனுக்கு ட்ரிம்மர் வாங்கினால், உன் மூஞ்சியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றாகிவிடும். கதைப் புத்தகம் வாங்கினால் பரீட்சை நேரத்தில் கெடுக்கிறாள் என்பார்கள், பாடப் புத்தகம் வாங்கினால் இவளும் ஆரம்பித்துவிட்டாள் என்று அவனே நினைப்பான். விலை குறைவாக ஒரு ஹெட்போன் இருந்தது. எனக்குப் பிடித்திருந்தது. இந்தக் காலத்துப் பையன்கள் எல்லோரும் அதைத்தானே மாட்டிக்கொண்டு திரிகிறார்கள்.

"அம்மணி, அவன் ஏற்கெனவே உங்ககூடப் பேசறதில்ல. இதையும் வாங்கிக் குடுத்துப்போட்டீங்கன்னா நீங்க பேசறதும் அவனுக்குக் கேக்காதுங்க" என்றார் அண்ணன்.

ஹெட்போனை வைத்துவிட்டு ஒரு டி-ஷர்ட்டை எடுத்தேன். மார்பில் பெரிய எழுத்தில் இங்கிலீஷில் என்னவோ போட்டிருந்தது. அண்ணன் சேல்ஸ்மேனை விட்டு அதற்கு அர்த்தம் சொல்லச் சொன்னார். அவர் எழுத்துக்கூட்டிப் படித்து, 'என்னைத் தனியா விடுங்க' என்று போட்டிருப்பதாகச் சொன்னார். அண்ணன் என்னைப் பார்ப்பதற்குள் நானே அதை மடித்து வைத்துவிட்டேன்.

கிளம்பும்போது சேல்ஸ்மேன் அண்ணன் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஏனுங்க, எங்கப்பாவுக்கு நேத்துத்தான் ஒரு செருப்பு வாங்கிக் குடுத்தனுங்க. தப்புங்களா?" என்றார். அண்ணன் அவர் தோளை ஒரு தடவை தட்டிக் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிட்டார். பாவம், அந்தச் சேல்ஸ்மேன் அன்று வீட்டுக்கு எப்படிப் போனாரோ.

நூறடி ரோட்டில் நடந்துகொண்டிருந்தபோது ஒரு ஹார்டுவேர் கடை வாசலில் அண்ணனுடைய கால் தானாக நின்றது. உள்ளே ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர், கட்டிங் பிளேயர் எல்லாம் தொங்கிக்கொண்டிருந்தன. அதுவரை அவர் முகத்தில் இருந்த பயம் அங்கே கொஞ்சம் இறங்கியது. எனக்கும் ஒன்று ஞாபகம் வந்தது. போன வாரம் எங்கள் வீட்டு டேபிள் ஃபேன் நின்றுபோனபோது, கவின் ஒரு பழைய கத்தி முனையால் அதன் ஸ்க்ரூவைத் திருகப் பார்த்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் கத்தியை வைத்துவிட்டு, 'சும்மாதானுங்க' என்று எழுந்து போய்விட்டான். அதைச் சொன்னதும் அண்ணனுக்கு முகமே மலர்ந்துவிட்டது.

சின்னச் சின்ன ஸ்பேனர்களும் ஸ்க்ரூ டிரைவர்களும் அடங்கிய ஒரு செட். விலையும் கைக்கு அடக்கம். அண்ணன் ஆபீசில் செய்கிற மாதிரியே ஒவ்வொன்றையும் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார், கையில் நிறுத்துப் பார்த்தார், பையிலிருந்து அளவுக் கருவியை எடுத்து ஸ்பேனர் வாயை அளந்தார். கறுப்புப் பெட்டி ஆகாது என்று சிவப்புப் பெட்டியாக மாற்ற வைத்தார். இதில் கேலி இல்லை, குத்தல் இல்லை, அபசகுனம் இல்லை, பையனுக்கும் பிரியமான காரியம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி விரலை மடக்கினார். நான் பர்ஸைத் திறந்தேன். அண்ணன் அலறிவிட்டார்.

"சனிக்கெழம இரும்பு வாங்கப்படாதுங்க."

கடைக்காரர் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார். இன்றைக்கு எடுக்காவிட்டால் எனக்கு மறுபடி வர நேரமில்லை. அண்ணன் தன் பர்ச்சேஸ் மூளையை உபயோகித்து ஒரு வழி கண்டுபிடித்தார். இன்றைக்குக் கொடுப்பது ஆர்டர் மட்டும். திங்கட்கிழமைதான் பில்லும் டெலிவரியும். சொன்னபடி திங்கட்கிழமை அவரே போய் வாங்கி வந்தார். பெட்டியை என் மேஜை மேல் வைத்துவிட்டு, பில்லின் ஓரத்தில், சரக்கு தேறியது என்பதற்கு ஆபீசில் போடுகிற அதே சின்னக் கையெழுத்தைப் போட்டார்.

"நான் பாஸ் பண்ணியாச்சுங்க அம்மணி. தெகிரியமாக் குடுங்க."

பிறந்த நாள் ஞாயிற்றுக்கிழமை வந்தது. காலையில் வெல்லம் போட்டுக் கச்சாயம் சுட்டேன். கவின் குளித்துவிட்டு வந்து அப்பா காலில் விழுந்தான், என் காலிலும் விழுந்தான். பெட்டியைக் கொடுத்தேன். 'தேங்ஸுங்க' என்று வாங்கித் தாளைப் பிரித்தான். மூடியைத் திறந்தான். உள்ளே வரிசையாக மின்னிய ஸ்பேனர்களைப் பார்த்ததும் அவன் முகத்தில் ரத்தமே இல்லை. அப்படி ஒரு பயத்தை நான் ஒரு பையன் முகத்தில் பார்த்ததில்லை.

"எதுக்கு இத வாங்குன?" என்றான்.

பெட்டியைப் பட்டென்று மூடினான்.

"என்னையத் தறிக்கு உடறதுக்குத்தான? நீயும் அப்பாவும் பேசி வெச்சுட்டுத்தான இத வாங்கியாந்த? நாம் போவ மாட்டேன். நாம் படிக்கோணும். நாம் போவவே மாட்டேன்."

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. தறி ஓட்டிக்கொண்டிருந்த ஆட்கள் ஊருக்குப் போனவர்கள் திரும்பி வரவில்லை. ஒரு வாரமாக வீட்டுக்காரர் ஒற்றை ஆளாக ஓடிக்கொண்டிருந்தார். ராத்திரிச் சாப்பாட்டில் அலுப்போடு உட்கார்ந்து, பத்தாவது முடிந்தால் நமக்கு ஓர் ஆள் ஆச்சு என்று வேடிக்கையாக ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். எனக்கு அது வேடிக்கை. அந்தப் பையனுக்கு அது தீர்ப்பு. எங்கள் ஊரில் தறிக்காரர் வீட்டுப் பையன் கையில் ஸ்பேனரைக் கொடுத்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். நாளையிலிருந்து கொட்டகைக்கு வா என்று அர்த்தம். பெல்ட்டிலும் துண்டிலும் வில்லங்கம் கண்டுபிடித்த மனிதருக்குப் பம்புக் கம்பெனியில் இருந்துகொண்டு இது தெரியவில்லை. தறி வீட்டில் வாக்கப்பட்டும் எனக்கும் தெரியவில்லை.

வீட்டுக்காரர் எழுந்துவிட்டார். யாரிடம் மரியாதை இல்லாமல் பேசுகிறாய் என்று அவர் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. நான் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். எனக்குப் பயம் ஒரு பக்கம், இன்னொரு பக்கம் சொல்ல முடியாத என்னவோ ஒன்று. 'எதுக்கு வாங்குன' என்றானே. வாங்குனீங்க என்று சொல்லவில்லையே.

"அவன் பேசட்டும் உடுங்க" என்றேன். பிறகு கவின் பக்கம் திரும்பினேன். "உன்னையத் தறிக்கு உடறதுக்கு எனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்குது? நீ ஃபேனக் கத்தில நோண்டிட்டு இருந்தயல்ல, கையக் கிழிச்சுக்குவயேன்னு பயந்துதான் கண்ணு வாங்குனேன். நீ எவ்வளவு வேணாலும் படி. தறிக்கு ஆளு வரலீன்னா தறி நிக்கட்டும்."

தறி நிற்கட்டும் என்றதும் வீட்டுக்காரர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். நான் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். பிறகு, கல்யாணமான நாளிலிருந்து நான் கேட்டிராத ஒரு மெல்லிய குரலில், "நான் வெளையாட்டுக்குச் சொன்னன்டா" என்றார்.

கவின் அழுதுவிட்டான். மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்து, "நெசமாத்தான் சொல்றயா?" என்றான். நெசமாத்தான் என்றேன். எனக்கும் கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. அப்புறம் அவன் கச்சாயத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான். போகிற போக்கில் பெட்டியையும் டேபிள் ஃபேனையும் தூக்கிக்கொண்டு போனான்.

இதற்கு நடுவில் என் போன் விடிந்ததிலிருந்து அடித்துக்கொண்டே இருந்தது. வேறு யார், வில்லங்கத்தண்ணன்தான். ஒருவழியாக எடுத்துப் பேசினேன். நேரமோ நேரம், பக்கத்துக் கொட்டகையில் தறி ஓட்ட ஆரம்பித்துவிட்டார்கள். ஸ்பேனரில்தான் வில்லங்கம் வந்தது, பையன் அழுதுவிட்டான், ஆனால் கடைசியில் நல்லதாகவே முடிந்தது என்று நான் கத்தினேன். அவர் காதுக்கு முன்பாதி மட்டும் போயிருக்கிறது. பின்பாதியைத் தறி தின்றுவிட்டது. மறுபடி நான் கூப்பிட்டபோது அவர் எடுக்கவில்லை.

உச்சி வெயிலில் வாசல் கேட்டைத் தட்டுகிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் அண்ணன் நிற்கிறார். ஞாயிற்றுக்கிழமை வீட்டை விட்டு நகராத மனுசர். பஸ்ஸில் ஏறினால் பிரேக் பிடிக்குமா என்று டிரைவரைக் கேட்டுவிட்டுத்தான் உட்காருவார். வேர்வையில் சட்டை ஒட்டியிருந்தது. உள்ளே வரவில்லை. வாசலில் ஃபேனைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த கவினைப் பார்த்ததும், அந்தப் பெரிய மனுசர் ஒரு பதினைந்து வயதுப் பையனைப் பார்த்துக் கும்பிட்டார்.

"கண்ணு, அந்தப் பொட்டி அம்மணி வாங்குனதில்ல. நாந்தான் இதுல ஒண்ணுமில்லீன்னு பாஸ் பண்ணி உட்டது. ரிஜெக்ட் ஆன சரக்க நாந்தான் எடுத்துட்டுப் போவோணும். குடுத்துரு சாமி. தப்பு என்னுது. அவிங்கள ஒண்ணுஞ் சொல்லிப்போடாத. அவிங்க பாவம், உனக்குப் பயந்துக்கிட்டே இருந்தாங்க."

கவின் கையில் ஸ்பேனரை வைத்துக்கொண்டு அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். நான் பயந்துகொண்டிருந்தேன் என்பது அவனுக்கு அப்போதுதான் தெரியும் போலிருக்கிறது.

"இப்பக் குடுக்க முடியாதுங்க. வேலை பாதில நிக்குது. உள்ள வந்து உக்காருங்க" என்று அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டான். அப்புறம் என் பக்கம் திரும்பி, "இவருக்குத் தண்ணி கொண்டா" என்றான்.

அண்ணனுக்கு நடந்தது எதுவும் புரியவில்லை. நாற்காலியின் நாலு காலும் உறுதியாக இருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டு, நுனியில் உட்கார்ந்தார். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல், கணபதியிலிருந்து சோமனூர் வரைக்கும் பஸ் மாறி மாறி, என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று மனப்பாடம் செய்துகொண்டே வந்திருக்கிறார். சமையலறையில் சொம்பில் தண்ணீர் மொண்டபோது பாதி தரையில் கொட்டியது. அப்பா அம்மா போன பிறகு எனக்காக இப்படிப் பயப்பட ஓர் ஆள் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.